உள்ளே இன்னும் எரிகிறது என்றால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜவுளிக்கடையில் கேஷ் கவுண்டரில் ஆறு வருடம் வேலை பார்த்தீர்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி கணக்கில் 38,000 ரூபாய் குறைந்தது. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே உங்கள் பையை மேஜைமேல் கொட்டிச் சோதித்தார்கள். டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, சின்னப் புதிய ஏற்பாடு எல்லாம் எல்லார் கண்முன்னும் கிடந்தன. மறுநாள் வேலை இல்லை. மூன்று வாரம் கழித்து, வேறு கிளைக்கு அனுப்பிய பணத்தைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. இப்போது மேனேஜர் போன் செய்து, "நடந்ததை மறந்துட்டு திங்கட்கிழமை வந்துடும்மா, இதைப் பத்தி யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்கிறார். சபையில் ஒருவர் இது கர்த்தருடைய சோதனை என்கிறார், இன்னொருவர் இரட்டிப்பான ஆசீர்வாதம் வரும் என்கிறார், உங்கள் போதகர் மன்னித்துவிட்டு அமைதியாகப் போங்கள் என்கிறார். உங்களுக்கோ ஜெபிக்க உட்கார்ந்தாலே அந்த மேஜைதான் கண்ணுக்குள் வருகிறது. கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: இயேசு தருகிற நம்பிக்கை உண்மையா, வலி தெரியாமல் இருக்க நாமே சொல்லிக்கொள்கிற பேச்சா?

மேலே தெரிகிற கேள்வி அது. அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதாக நினைக்கிறேன். என் கோபம் அடங்கவில்லை, அப்படியானால் அந்த நம்பிக்கையில் எனக்குப் பங்கு இருக்கிறதா என்பதுதான் அது. இதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் சி.எஸ்.ஐ. சபைகளில் முப்பத்தொரு வருடம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இறையியல் படித்தேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அடிபட்ட மனிதர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றது.

உங்களுக்குள் எரிவது அவிசுவாசம் இல்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. சங்கீதம் 69-ஐ எடுத்துப் பாருங்கள். "நிந்தை என் இருதயத்தைப் பிளந்தது" என்று அதில் ஒரு வரி வருகிறது. தேற்றுகிறவர்களுக்காகக் காத்திருந்தேன், ஒருவனையும் காணேன் என்று தொடர்கிறது. சங்கீதம் 22-ல் ஒருவர் தன்னைப் புழு என்று சொல்கிறார், மனிதன் என்றே சொல்லிக்கொள்ள முடியவில்லை அவருக்கு. 88-ம் சங்கீதம் இன்னும் போகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு துதி, ஒரு "ஆனாலும்" வரும். இதில் அதுகூட இல்லை, அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே முடிகிறது. இதையெல்லாம் யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. ஆலயத்தில் பாடுவதற்கென்று வைத்தார்கள். நீங்கள் கண்ணை மூடினால் அந்த மேஜை வருகிறது என்றால், அந்த மேஜையைப் பற்றியே ஜெபியுங்கள். "ஆண்டவரே, என் மாத்திரை அட்டையை எல்லாரும் பார்த்தார்கள்" என்று சொல்வதும் ஜெபம்தான்.

அடுத்தது, "கர்த்தர் சோதிக்கிறார்" என்ற பேச்சு. இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் முதலில் நல்ல காரியம்தான் செய்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபுவே சொல்லிவிட்டான். புத்தகத்தின் முடிவில் தேவன் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்டுக் கத்திய யோபுவையும் அவர் சுழல்காற்றிலிருந்து மடக்கி மடக்கிக் கேட்டார், உண்மைதான். ஆனால் 42-ம் அதிகாரத்தில், என்னைக்குறித்து நிதானமாய், அதாவது சரியாக, பேசவில்லை என்று அவர் கோபப்பட்டது தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேர்மேல். இன்னொன்றும் உண்டு. யோபுவுக்கு ஏன் அப்படி நடந்தது என்று வாசிக்கிற நமக்கு முதல் அதிகாரத்திலேயே சொல்லப்படுகிறது, யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. உங்களுக்கு ஏன் நடந்தது என்று எனக்கும் தெரியாது. கடையில் ஒருவர் பதிவு செய்யத் தவறினார், இன்னொருவர் விசாரிக்காமல் உங்கள் பையைக் கொட்டினார். அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதற்கு மேல் பரலோகத்துக் காரணம் கண்டுபிடித்துச் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று சொன்னவர் ஏசாயா 61-ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். "உங்கள் வெட்கத்துக்குப் பதிலாக இரண்டத்தனையாய்ப் பலன் வரும்." புது வருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இது கையில் வந்தால் முகம் மலராதவர்கள் கிடையாது. நானே எத்தனையோ வருடம் அந்த அட்டைகளை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். வாக்குத்தத்தம் பொய் இல்லை. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். பாபிலோனியர் வந்து எருசலேமை இடித்து, ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அப்படி நாடே தலைகுனிந்துபோன ஒரு ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. ஒரு தலைமுறைக்கும் மேலாகக் காத்திருந்தவர்களின் வார்த்தை. அதை எடுத்து, திங்கட்கிழமை உங்களுக்குச் சம்பள உயர்வு வரும் என்பதுபோல் சொல்வது அந்த வசனத்தைச் சிறுமைப்படுத்துவது. வராமல் போனால் வசனத்தின்மேல் உள்ள நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் என்னதான் நிச்சயம்? சிலுவை நிச்சயம். நாம் சிலுவையைப் பொன்னில் செய்து கழுத்தில் போட்டுப் பழகிவிட்டோம், அதனால் அது என்ன என்பதே மறந்துபோய்விட்டது. ரோமர்கள் ஒருவனைக் கொல்ல நினைத்தால் வாளே போதும். சிலுவை கொல்வதற்கு மட்டும் ஏற்பட்டதில்லை. ஊர் போகிற வழியில், துணி உருவி, எல்லாரும் பார்க்க, இவன் மனிதனே இல்லை என்று காட்டுவதற்கு ஏற்பட்டது. கி.மு. 71-ல் ஸ்பார்டகஸ் கலகம் அடங்கிய பிறகு, பிடிபட்ட அடிமைகள் ஆறாயிரம் பேரை ஒரே சாலை நெடுக அப்படித் தொங்கவிட்டார்கள். ரோமாபுரியில் பாலடைன் குன்றில் ஒரு பழைய சுவர்க் கிறுக்கல் 1857-ல் கிடைத்தது. சிலுவையில் ஓர் ஆள், அவனுக்குக் கழுதைத் தலை. கீழே ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான். "அலெக்ஸாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. சிலுவையில் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று இது, கி.பி. 200 வாக்கில் வரைந்தது என்று பெரும்பாலும் கணிக்கிறார்கள். பக்தியில் வரைந்த படம் அல்ல, கூட இருந்த ஒருவனைக் கேலி செய்ய வரைந்தது. அந்த அலெக்ஸாமெனோஸ் யார், அதைப் பார்த்து என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவமானப்படுத்தப்பட்ட ஒருவரைத் தெய்வம் என்று வணங்கியதற்காகத் தானும் அவமானப்பட்டவன் அவன்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது. "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்று எபிரெயர் 12 சொல்கிறது. தேவன் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றார்? பையைக் கொட்டிச் சோதிக்கிறவர்கள் பக்கம் அவர் நிற்கவில்லை, துணி உருவப்பட்டவரிடத்தில் அவரே இருந்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் என்பது, ஊரும் கோவிலும் அரசாங்கமும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பைத் தேவன் தள்ளுபடி செய்தது. எழுந்து வந்தவர் கையில் ஆணித்தழும்பு இருந்தது, தோமாவிடம் அதைக் காட்டினார். தழும்பு மறையவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது. உங்கள் விஷயத்திலும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். நடந்தது நடக்காதது ஆகாது. ஆனால் நீங்கள் யார் என்று சொல்கிற அதிகாரம் அந்த மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கு இல்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நான் சி.எஸ்.ஐ., அவர் கத்தோலிக்கர். ஆனால் அவர் கதையைக் கேட்டு வளராத கிறிஸ்தவப் பிள்ளை எங்கள் பக்கம் குறைவு. ஆடுமாடு செத்து, வீட்டில் நஷ்டத்துக்குமேல் நஷ்டம் வந்து சோர்ந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மன்னரின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது பாரம்பரியம். கைதான பிறகு அவர் கையைக் கட்டி, எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்றும் சொல்கிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் வந்தது என்பதெல்லாம் மக்களின் பக்தி, அதை வரலாறு என்று நான் வாதாடமாட்டேன். அவர் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதிலும் சரித்திரம் எழுதுகிறவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எருமைமேல் ஏற்றியவர்கள் அந்த எருமை, அந்த எருக்கம்பூவோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள் அல்லவா. இன்றைக்கு எங்கள் ஊரில் தேவசகாயம் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

இருந்தாலும் 270 வருடம் காத்திருங்கள் என்று உங்களிடம் சொல்வது நியாயமில்லை. அதனால் பக்கத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னுடைய இரண்டாவது சபையில் ஒரு அம்மா சீட்டு நடத்தினார். அவரோடு சேர்ந்து நடத்தியவன் பணத்தோடு ஓடிவிட்டான். மாட்டிக்கொண்டது இவர். வாசலில் நின்று ஆட்கள் கேட்காத கேள்வி கிடையாது. அண்டா, தையல் மெஷின் எல்லாம் போயிற்று. நான் பார்க்கப் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அப்போது இளவயது. உட்கார்ந்த உடனே வேதத்தைத் திறந்து ரோமர் 8:28 வாசிக்க ஆரம்பித்தேன், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனம். அவர் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "ஐயா, இப்ப அது வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருங்க." நான் வேதத்தை மூடிவிட்டு இருந்தேன். கிழங்கு முழுவதும் நறுக்கி முடிந்தது. எழுந்து வரும்போது, "அடுத்த வாரமும் வாங்க" என்றார்.

பல மாதங்கள் அவர் கோவிலுக்கு வந்தார், கதவுப் பக்கம் கடைசியில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னால் எழுந்து போய்விடுவார். திருவிருந்து வாங்க முன்பக்கம் வரவே மாட்டார். பணம் இழந்தவர்கள் எட்டுப் பேர் அதே சபையில் இருந்தார்கள், அவர்களோடு ஒரே வரிசையில் எப்படி முழங்கால்படியிடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டில் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்த ஒரு பெண், தன் இடத்திலிருந்து எழுந்து பின்னால் போனார். அந்த அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் முழங்கால்படியிட்டார். நான் அப்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் முன் வந்தபோது என் கை நடுங்கியது. அதைப் பற்றி நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கடன் அன்றைக்குத் தீரவில்லை, தீர ஒன்பது வருடம் ஆனது. ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு அவர் கடைசி வரிசையில் உட்காரவில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். உங்கள் போதகர் மன்னிக்கச் சொன்னது சரி. அமைதியாகப் போங்கள் என்றதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை, சக ஊழியக்காரராக மரியாதையோடுதான் சொல்கிறேன். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமலே எல்லார் முன்னாலும் துணியைக் கிழித்து அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடினது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி நானே எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் யாரும் பிரசங்கிப்பதில்லை. பொழுது விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடு என்றார்கள். பவுல் என்ன சொன்னார்? வெளியரங்கமாய் அடித்துவிட்டு, "இப்பொழுது இரகசியமாய் எங்களை விடுதலையாக்குகிறார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். இவர்கள் ரோமக் குடிமக்கள் என்று தெரிந்ததும் அதிகாரிகள் பயந்துபோய், நேரில் வந்து வேண்டிக்கொண்டார்கள். உங்கள் மேனேஜர் போனில் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே ராத்திரியில் பவுல் சிறைச்சாலைக்காரனை மன்னித்திருந்தார். அவன் தற்கொலை செய்யப் போனபோது தடுத்தார், அவன் கையால் காயத்தைக் கழுவவிட்டார், அவன் வீட்டில் சாப்பிட்டார். மன்னித்தவரும் அவர்தான், விடிந்ததும் நியாயம் கேட்டவரும் அவர்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இயேசு வாயைத் திறக்கவில்லையே என்று கேட்பார்கள். பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டது யோவான் 18-ல் இருக்கிறது. எங்கள் பக்கத்து நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காக அதைக் கிழித்து அவமானப்படுத்தினார்கள், பள்ளிக்கூடத்தையும் ஜெபவீட்டையும் கொளுத்தினார்கள். வேதத்தில் தேவசாயல் என்று படித்த அந்தப் பெண்கள் பரலோகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. 1822-ல் தொடங்கிய சண்டை 1859-ல் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரும்வரை நடந்தது. அந்த அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

ஆகவே நீங்கள் திரும்பிப் போவதானால், கொட்டினது எல்லார் முன்னால் என்றால் தவறு எங்களுடையது என்று சொல்வதும் எல்லார் முன்னால் இருக்கட்டும் என்று கேட்கலாம். வேலை செய்யாத வாரங்களுக்கான சம்பளமும், பணம் குறைந்ததற்கு நீங்கள் காரணமில்லை என்று எழுத்தில் ஒரு கடிதமும் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. சட்டப்படி எவ்வளவு கேட்கலாம் என்பதும் என் துறை இல்லை. தொழிலாளர் நலத்துறை அலுவலகத்திலோ மாவட்ட இலவச சட்ட உதவி மையத்திலோ விசாரியுங்கள். திரும்பிப் போகவே வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் பாவமில்லை. வீட்டு நிலைமை காரணமாக எதுவும் கேட்காமல் போக வேண்டியிருந்தாலும், அதற்காக உங்களைக் கோழை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அரிசி வாங்க வேண்டிய வீட்டின் கஷ்டம் தேவனுக்குத் தெரியும்.

மன்னிப்பு மெதுவாக வரும். உதட்டால் சொன்னால் போதும் என்று யாராவது அவசரப்படுத்தினால் கேட்க வேண்டாம். அவர்களுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று விரும்பாமல் ஒரு நாளைக் கடந்தாலே அன்றைக்கு அது போதும்.

மூன்று மாதமாகச் சரியாகத் தூக்கமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதை நான் கவனித்தேன். அதற்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. உயிரோடு இருப்பதே பாரம் என்று ஒரு நொடி தோன்றினாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள், வீட்டில் ஒருவரையும் எழுப்புங்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று சொல்கிறவர்கள் பேச்சைத் தள்ளிவிடுங்கள்.

பிலிப்பியில் பவுல் வெளியே வந்ததும் நேராக ஊரை விட்டுப் போகவில்லை. முதுகில் அந்தக் காயத்தோடு லீதியாள் வீட்டுக்குத்தான் முதலில் போனார். அங்கே சபையார் இருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு வீடு எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரணம் சொல்லாமல், கிழங்கு நறுக்குகிற நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் இருந்தால் போதும். திங்கட்கிழமைக்கு முன்னால் அங்கே ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். கடைக்குப் போவதென்று முடிவானால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.